லாச்சி கதைக்கிறது

மானிப்பாய்
14.01.2024

ஜெயரூபன்,

கைபேசியை நீங்கள் எடுப்பதில்லை. வட்ஸ்அப்பில் நான் போட்டதெல்லாம் ஒற்றைச் சரி அடையாளத்தோடு நிற்கிறது. அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நீங்கள் வாசிக்காவிட்டாலும், இந்த வேலையைப் பற்றி நான் சொன்னால் விளங்கக்கூடிய ஆள் இந்தப் பக்கத்தில் வேறு இல்லை.

கார்த்திகையில் அன்று பின்னேரம் நீங்கள் மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "இது சரிவராது நிஷானி. வலைப்பக்கத்தை வைச்சு டெஸ்க்டொப் கட்டுறது பைத்தியக்கார வேலை. பழைய கணினியள் தாங்காது. நான் விடுறன்." அதற்குப் பிறகு படியால் இறங்கினீர்கள். மிக மெதுவாக இறங்கினீர்கள். மனம் மாறித் திரும்பி வரப்போகிறீர்களாக்கும் என்று நான் மேலேயே நின்றுகொண்டிருந்தேன்.

பைத்தியக்கார வேலை என்றால் அதை என் தலையில் ஏற்றியது யார்? நாங்கள் இருவரும் ஹோட்டல்களுக்கு இணையத்தளம் செய்துகொண்டிருந்த காலத்தில் நீங்கள்தானே சொன்னீர்கள்: "மெனு, கீழை இருக்கிற பட்டை, கோப்பு வைக்கிற இடம், மணிக்கூடு, திரையிலை தெரியிற எல்லாத்தையும் வலைப்பக்கம் எழுதுற மாதிரியே எழுதுவம். அப்ப வலைப்பக்கம் எழுதத் தெரிஞ்ச ஆரும் தன்ரை கணினியின்ரை முகத்தைத் தானே மாத்தலாம். தமிழிலையே மாத்தலாம்." அதை நம்பி நானும் வேலையை விட்டேன். சந்தியோகு ஐயாவின் இரும்புக்கடை மேல்மாடியில் அறை எடுத்தோம். மேசை லாச்சியை இழுத்துக் கையை விட்டால் வேண்டியது கிடைப்பதுபோல இருக்கவேண்டும் என்று 'லாச்சி' எனப் பெயர் வைத்ததும் நீங்கள்தான்.

உங்களுக்கு ஒரு செய்தி. உடுப்பிட்டியில் படிப்பிக்கிற தக்சாயினி ரீச்சர் தன் ஆய்வுகூடத்துக் கணினிகள் எல்லாவற்றிலும் லாச்சியைப் போட்டுவிட்டார். நேற்று அழைத்து, "பிள்ளையள் பட்டையின்ரை நிறத்தை மாத்திப்போட்டுதுகள். ஒருத்தி மெனுவுக்குத் தன்ரை பூனையின்ரை படத்தைப் போட்டு வைச்சிருக்கிறாள்" என்று சொல்லிச் சிரித்தார். கைபேசியை வைத்துவிட்டு உங்கள் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு கீழே போய்ச் சந்தியோகு ஐயாவிடம் சொன்னேன். "நல்லது பிள்ளை" என்றுவிட்டு அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

நிஷானி

*

தொண்டைமானாறு
20.01.2024

நிஷானி,

நீர் ஒன்றும் செய்யவில்லை. நான் சொன்ன காரணம்தான் காரணம். ஒரு மெனுவைத் திறக்க முழு உலாவியையே சுமக்கவேண்டியிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. நம்பிக்கை போய்விட்டது.

உடுப்பிட்டிச் செய்தி நல்ல செய்தி. ரீச்சரைச் சுகம் கேட்டதாகச் சொல்லும்.

ஜெயரூபன்

*

மானிப்பாய்
03.03.2024

ஜெயரூபன்,

லாச்சி கணினியின் நினைவகத்தை எடுப்பதைக் குறைத்து எழுதி அனுப்பினேன். பாதியாகக் குறைந்திருக்கிறது. ஒரு வார்த்தை பதில் இல்லை. புதிய பதிப்பு வெளியிட்ட அன்று நானும் அம்மாவும் கேக் வாங்கி வெட்டினோம். "ரூபன் தம்பி வரேல்லையோ?" என்று அம்மா கேட்டா. வேலை என்று பொய் சொன்னேன்.

இன்று எமில்ராஜ் வந்திருந்தான். நெல்லியடியில் அவனுடைய கணினிக்கடைக்கு உங்கள் அண்ணை உங்கள் மடிக்கணினியைக் கொண்டுவந்தாராம். லாச்சியை முழுதாக அழித்துவிட்டு விண்டோஸ் போடச் சொன்னாராம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மறுகிழமை சந்தையடியில் அவன் உங்களைக் கண்டு கையை உயர்த்திக் காட்டியிருக்கிறான். நீங்கள் நேரே அவனுடைய முகத்தைப் பார்த்தீர்களாம். பிறகு அண்ணையின் தோளில் கையைப் போட்டபடி நடந்து போய்விட்டீர்களாம். "பெரியாளாகிட்டார்போல" என்றான். உங்களுக்காக வாதாட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

நாங்கள் கட்டியதைத் துடைத்து எறியுமளவுக்கு அது உங்களை என்ன செய்தது?

நிஷானி

*

தொண்டைமானாறு
05.03.2024

நிஷானி,

எமில்ராஜை நான் காணவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று அவனிடம் சொல்லும்.

லாச்சியின் உரிமைகள் எல்லாவற்றையும் உம்முடைய பெயருக்கு மாற்றிவிட்டேன். இனி எழுதவேண்டாம்.

ஜெயரூபன்

*

மானிப்பாய்
17.03.2024

ரூபன்,

எழுதவேண்டாம் என்றுதான் சொன்னீர்கள். வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நேற்று வந்தேன்.

பாலத்தடியில் இறங்கி, கடலேரிக் காற்றில் குடையையும் பிடிக்கமுடியாமல் நடந்து, விசாரித்து விசாரித்து உங்கள் வீட்டைக் கண்டுபிடித்தேன். அண்ணி வெளியே வந்தா. "அவர் இல்லைப் பிள்ளை, பருத்தித்துறைக்குப் போட்டார்" என்றா. வெயிலுக்குள் வந்திருக்கிறேன் என்று கதிரை போட்டு இருத்தி, தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துத் தந்தா. நல்ல மனிசி. பொய் சொல்லப் பழக்கமில்லாதவ.

முற்றத்தில் ஒரு பச்சைக் கயிறு கட்டியிருந்தது. வலைக்குப் போடுகிற கயிறு. வீட்டுக் கதவு நிலையிலிருந்து கிணற்றடிக்கும், அங்கிருந்து கக்கூசுக்கும், இடுப்பளவு உயரத்தில்.

"உடுப்புக் காயப்போடவோ அண்ணி?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றா. சொல்லும்போதே அவவின் கண் கலங்கிவிட்டது. கயிற்றில் ஒரு துணியும் இல்லை. கயிற்றோரம் மண்ணில் காலடி பட்டுப்பட்டு ஒரு தடம் விழுந்திருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. கடந்த வருடம் முழுக்க, பொழுதுபட முதல் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவசரப்படுவீர்கள். மோட்டார் சைக்கிளின் லைற் சரியில்லை என்பீர்கள். எழுத்தைப் பெரிதாக்கு, பெரிதாக்கு என்று என்னை ஏசுவீர்கள். கைக்குப் பக்கத்தில் வைத்த தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டி விழுத்துவீர்கள். கடைசி நாள் சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கினீர்கள்.

ரூபன், உங்களுக்குக் கண் தெரியவில்லையா?

நிஷானி

*

தொண்டைமானாறு
02.04.2024

நிஷானி,

ஓம். தெரியவில்லை. யன்னல் பக்கம் திரும்பினால் வெளிச்சம் இருப்பது தெரியும். அதுவும் எவ்வளவு காலத்துக்கு என்று டொக்டர் சொல்லவில்லை.

விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் வருத்தம். அம்மாவின் வழியில் வருவது. அம்மாவின் தம்பி ஏரம்பு மாமாவுக்கும் இதுதான். முதலில் இருட்டில் பார்வை போனது. பிறகு ஓரங்கள் போய், குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் ஆனது. உம்மோடு இருந்த கடைசி மாதங்களில் திரையில் ஒரு சொல்லைப் பார்த்தால் அடுத்த சொல்லைத் தேடவேண்டும். உம்முடைய நிரலில் பிழை பிடிக்கிறேன் என்று ஒரே வரியை அரை நாளாக வைத்துக்கொண்டிருந்தேன். நீர் அதைக் கவனம் என்று நினைத்தீர்.

இங்கே வந்த பிறகு, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றைப் பழகினேன். முதலில் அதை லாச்சியில்தான் போட்டேன். வேறு எதிலே போடுவேன்? கீபோட்டில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனேன். அது "பகுதி" என்றது. அடுத்ததைத் தட்டினேன். "பகுதி." அடுத்தது, "பகுதி." மெனுவுக்கும் அதே பெயர், மூடும் பொத்தானுக்கும் அதே பெயர். உமக்கு ஞாபகம் இருக்கும், உலாவி தருகிற பொத்தான் வடிவில்லை, வெறும் பெட்டியை எடுத்து நாங்களே நிறம் பூசுவோம் என்று அடம்பிடித்தவன் நான். பார்க்கிறவருக்கு அது பொத்தான். வாசிக்கிற குரலுக்கு அங்கே ஒன்றுமேயில்லை. அன்று பின்னேரமே அண்ணையிடம் மடிக்கணினியைக் கொடுத்து எமில்ராஜிடம் அனுப்பினேன். விண்டோஸில் குரல் ஓரளவு ஒழுங்காக வாசிக்கிறது. இந்தக் கடிதத்தையும் அதில்தான் எழுதுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர். ஏரம்பு மாமாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது ஒரு தடியின் ஒரு நுனியை அவர் பிடிப்பார், மற்ற நுனியை வேறு யாராவது பிடித்து முன்னுக்கு நடப்பார்கள். வழியில் ஆரும் கண்டால், அவரிடம் கேட்கவேண்டியதைத் தடி பிடித்தவரிடம் கேட்பார்கள். "மாமா சாப்பிட்டாரோ?" மாமா அங்கேயே நிற்பார். நான் சொல்லியிருந்தால் நீர் அந்தத் தடியின் மற்ற நுனியைப் பிடித்திருப்பீர். உம்மை எனக்குத் தெரியும். அதை நினைக்க எனக்குத் தாங்கவில்லை.

நீர் வந்த அன்று நான் அறைக்குள் கட்டிலில்தான் இருந்தேன். உம்முடைய குரல் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டேன், கூப்பிட்டுவிடுவேன் என்ற பயத்தில். நீர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளாசை நிலத்தில் வைத்த சத்தமும், படலை சாத்திய சத்தமும் கேட்டது.

இனி வரவேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை.

ஜெயரூபன்

*

மானிப்பாய்
26.04.2024

ரூபன்,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே ஒரு பதில் எழுதினேன். அதை அனுப்பாமல் அழித்துவிட்டேன். அதில் அழுகையும் ஏச்சும்தான் இருந்தது. ஏச்சில் ஒன்றை மட்டும் இங்கே வைக்கிறேன்: தடியைப் பிடிப்பேனோ விடுவேனோ என்று என்னைக் கேட்காமல் நீங்களே முடிவெடுத்தீர்கள்.

பிறகு, நீங்கள் சொன்ன குரலை நிறுவிவிட்டு மொனிட்டரின் வயரைக் கழற்றினேன். என் கையாலேயே எழுதிய லாச்சிக்குள் ஒரு கோப்பைத் திறக்கப் பார்த்தேன். பகுதி, பகுதி, பகுதி. எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை. எதையோ அழித்துவிட்டேனோ என்று பயம் வந்தது. கணினியை ஒழுங்காக நிறுத்தக்கூட முடியவில்லை. கடைசியில் சுவரில் சுவிச்சை அணைத்தேன். நீங்கள் இதற்குள் தனியாக எத்தனை தரம் தட்டித் தட்டிப் பார்த்திருப்பீர்கள் என்று நினைத்தபோது மேசையில் தலையை வைத்து அழுதேன்.

அடுத்த நாள் வேலையைத் தொடங்கினேன். நிறம் பூசிய பெட்டிகளை எடுத்துவிட்டு உண்மையான பொத்தான்களைப் போடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் வாசிக்கக்கூடிய பெயர் வைக்கிறேன். மவுசைத் தொடாமல் எல்லா இடமும் போய்வர வழி வைக்கிறேன். தக்சாயினி ரீச்சருக்கும் சொன்னேன். "இதை முதலிலேயே செய்திருக்கலாமே பிள்ளை" என்றார். ஓம், செய்திருக்கலாம்.

இதோடு பரீட்சார்த்தப் பதிப்பை அனுப்புகிறேன். என்னால் இதைச் சரிபார்க்க முடியாது. நான் மொனிட்டரைக் கழற்றினாலும் அந்தத் திரை என் மனதுக்குள் இருக்கிறது, எது எங்கே என்று தெரியும். உங்களால்தான் முடியும். இரக்கப்பட்டுப் பாராட்டவேண்டாம். பிழை சொல்லுங்கள்.

நிஷானி

*

தொண்டைமானாறு
18.05.2024

நிஷானி,

பிழை கேட்டீர். சொல்கிறேன்.

மெனு திறக்கிறது, ஆனால் திறந்த பிறகு வெளியே வர வழியில்லை. கிணற்றுக்குள் விழுந்தமாதிரி. கோப்பின் பெயரை இரண்டு தரம் சொல்கிறது. 'மூடு' என்ற பொத்தானுக்கு நீர் 'மூடி' என்று எழுதியிருக்கிறீர். போத்தல் மூடியோ என்று யோசித்தேன். வலப்பக்கத்தில் இன்னமும் பெயரில்லாத ஒரு பகுதி கிடக்கிறது. அது என் கைவேலை, எனக்குத் தெரியும், எடுத்து எறியும்.

பெரிய பிழை மணிக்கூடு. நிமிடம் மாறும்போதெல்லாம் குரல் நேரத்தைச் சொல்கிறது. எழுதிக்கொண்டிருக்கும் வசனத்தின் நடுவிலும் சொல்கிறது. மனிசனுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

நேற்று சந்நிதிக் கோயிலில் அண்ணையின் நேர்த்தி அன்னதானம். எல்லோரும் போய்விட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அங்கே வருகிறவர்கள் எல்லாம் "இப்ப எப்பிடி?" என்று அண்ணியைக் கேட்பார்கள், அதனால் போகவில்லை. மணிக்கூட்டை நிறுத்தும் கட்டளை எனக்குத் தெரியும். ஆனால் காலையிலிருந்து பின்னேரம்வரை அதை ஓடவிட்டிருந்தேன். வீட்டில் வேறு குரல் இருக்கவில்லை.

திருத்திய பதிப்பை அனுப்பும்.

ஜெயரூபன்

*

மானிப்பாய்
20.05.2024

ரூபன்,

'மூடி'யைத் திருத்திவிட்டேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவவும் சிரித்தா. மெனுவுக்கு வெளியே வர வழி வைத்தாயிற்று.

மணிக்கூடு இனிக் கேட்டால்தான் நேரம் சொல்லும். ஆனால் விரும்பினால் பழையபடி தானாகவே சொல்லவும் விடலாம், அமைப்புகளில் கடைசி வரி. அதை ஏன் வைத்திருக்கிறாய் என்று வேறு ஆரும் கேட்டால் நான் பதில் சொல்லப்போவதில்லை.

நிஷானி

*

மானிப்பாய்
08.09.2024

ரூபன்,

இந்த நாலு மாதமும் நாங்கள் எழுதியதெல்லாம் பிழைகளும் திருத்தங்களும்தான். வேறு ஒன்றும் எழுதவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. அதனால் இதை எழுதக் கை வரவில்லை.

நெதர்லாந்தில் ஒரு நிறுவனம் என்னை வேலைக்குக் கேட்டிருக்கிறது. பார்வையில்லாதவர்கள் பாவிக்கக்கூடியதாக மென்பொருள்களைத் திருத்தும் வேலை. லாச்சியின் நிரல் எல்லோருக்கும் திறந்துதானே கிடக்கிறது. எங்கள் திருத்தங்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்கள். நான் நிரலோடு சேர்த்து வைத்த உங்கள் பிழை அறிக்கைகளைத் தமிழிலிருந்து மொழிபெயர்த்து வாசித்திருக்கிறார்கள். உங்களையும் கேளுங்கள் என்று சொன்னேன். இப்போதைக்கு ஒரு இடம்தான் என்றார்கள்.

ஓம் என்று சொல்லிவிட்டேன். அம்மா சித்தியோடு இருப்பா. மேல்மாடி அறையை விடுகிறோம். நீங்கள் சொல்லாமல் போனீர்கள். நான் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஐப்பசி பிறக்க முதல் பயணம். அதற்கு முன்னால் ஒரு தரம் உங்களைச் சந்திக்கவேண்டும். நான் வரட்டுமா?

நிஷானி

*

தொண்டைமானாறு
10.09.2024

நிஷானி,

போம். போகவேண்டிய இடம்தான். வாசித்தபோது முதலில் சந்தோசம் வந்தது என்று எழுதினால் பொய். முதலில் வந்தது வேறு. சந்தோசம் அடுத்த நாள் வந்தது, அதனால்தான் பதில் ஒரு நாள் சுணங்கியது.

லாச்சியை நான் பார்த்துக்கொள்கிறேன். நிரலையும் குரல் வாசிக்கும். மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

நீர் இங்கே வரவேண்டாம். அந்தக் கயிற்றை நீர் இன்னொரு தரம் பார்க்கவேண்டாம். நான் மானிப்பாய்க்கு வாறன். இருபத்தெட்டாம் திகதி, சனிக்கிழமை. அண்ணையைக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன். தனியாக வாறன்.

ஜெயரூபன்

*

மானிப்பாய்
29.09.2024

ரூபன்,

நேற்றுக் காலையில் அறையைக் கூட்டி, உங்கள் கதிரையைப் பழைய இடத்திலேயே வைத்தேன். அம்மா உங்களுக்குச் சாப்பிட றோல்ஸ் செய்து தந்துவிட்டா. பிறகு கீழே படியில் போய் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ்கள் எல்லாவற்றையும் பார்த்தேன்.

பின்னேரம் அண்ணிக்கு அழைத்தேன். "விடியவே வெளிக்கிட்டவர் பிள்ளை. மத்தியானம் திரும்பி வந்திட்டார். படுத்திருக்கிறார்" என்றா. என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னால் கேட்பேன்.

வியாழக்கிழமை போகிறேன். இப்போதும் நான் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் உங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம். வரமாட்டேன். வரவேண்டாம் என்று நீங்கள் இரண்டு தரம் சொல்லிவிட்டீர்கள். உங்களைக் கேட்காமல் நான் ஒன்றும் முடிவெடுக்கக்கூடாது.

அறைத் திறப்பைச் சந்தியோகு ஐயாவிடம் கொடுத்துவிட்டேன். கோபமில்லை, ரூபன். ஆனால் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

நிஷானி

*

தொண்டைமானாறு
16.02.2025

நிஷானி,

குளிர் எப்படி? நீர் அனுப்புகிற கடிதங்களில் வேலையைப் பற்றி நிறைய இருக்கிறது. சமைக்கிறீரா, ஆரோடு கதைக்கிறீர் என்று ஒன்றும் இல்லை. அந்தப் பழக்கத்தை நான்தான் பழக்கினேன் போலிருக்கிறது. லாச்சியின் புதிய பதிப்பு போன கிழமை வெளியாயிற்று. எழுதியோர் பெயர்களில் உம்முடையதை முதலில் வைத்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இவ்வளவு நாளும் நான் எழுதவில்லை. நீரும் கேட்கவில்லை.

யாழ்ப்பாண பஸ் நிலையம்வரை வந்துவிட்டேன். இறங்கி நின்றேன். ஹோர்ன் சத்தம், ஊர்ப்பெயர் சொல்லிக் கத்துகிறவர்கள், கடைகளில் பாட்டு. எது எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. மடிக்கிற வெள்ளைத் தடி ஒன்று வாங்கியிருந்தேன். அதை விரிக்க வெட்கப்பட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். யாரோ ஒருவர் வந்து முழங்கைக்கு மேலே பிடித்தார். "எங்கை போகோணும்?" என்றபடியே இழுத்துக்கொண்டு நடந்தார். நல்லெண்ணத்தில்தான். ஆனால் எனக்கு ஏரம்பு மாமாதான் நினைவுக்கு வந்தார். வாயிலே மானிப்பாய் என்ற சொல் வரவில்லை. "வீட்டை, தொண்டைமானாத்துக்கு" என்றேன். அவர் என்னை அச்சுவேலிப் பக்கம் போகிற பஸ்ஸிலேயே திரும்ப ஏற்றிவிட்டார்.

நீர் போன பிறகு தடியை விரித்தேன். முதலில் வீட்டிலிருந்து சந்நிதிவரை. அண்ணி பின்னால் வந்தா. பிறகு, வரவேண்டாம் என்றேன். மார்கழி மழையில் ஒரு வாய்க்காலுக்குள் விழுந்து முழங்காலில் தோல் கிழிந்து இரத்தம். அடுத்த நாளும் போனேன். தை மாதம் முழுக்க யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வந்தேன், ஒரு வேலையும் இல்லாமல். "எங்கை போகோணும்?" என்று யாரும் கேட்டால் இப்போது நின்று, "மானிப்பாய் பஸ் எந்தப் பக்கம்? சொன்னால் காணும், நான் நடப்பன்" என்கிறேன். மனிதர்கள் சொல்கிறார்கள்.

நேற்று மானிப்பாய்க்குப் போனேன்.

கொண்டக்டர் இடம் சொல்லி இறக்கிவிட்டார். கடையை நானே கண்டுபிடித்தேன், உள்ளே இரும்புக் கம்பிகளை நிலத்தில் போடுகிற சத்தத்தை வைத்து. படியேறி மேலே போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் தையல் மெசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது அங்கே தையல் வகுப்பு நடக்கிறதாம். ஒரு கையைக் கதவில் வைத்துப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

சந்தியோகு ஐயா கீழே நின்றார். "தம்பி, அந்தப் பிள்ளை வெளிநாடு போட்டுதே. உமக்குச் சொல்லேல்லையோ?"

"தெரியும் ஐயா."

"பிறகேன் தம்பி இவ்வளவு தூரம்?"

"வரலாமோ எண்டு பாக்க வந்தனான்."

அவர் ஸ்டூல் ஒன்றை இழுத்து என் கையைப் பிடிக்காமல், "இடப்பக்கம் கிடக்கு, இரும்" என்றார். தேத்தண்ணி வாங்கித் தந்தார். பிறகு, நீர் கடிதத்தில் எழுதாத ஒன்றைச் சொன்னார். அன்று கடை பூட்டுகிற நேரம்வரை நீர் படியிலேயே இருந்தீராம். அவர் பலகை போட்டு மூடும்போதும், "இன்னும் ஒரு பஸ் இருக்கு ஐயா" என்றீராம்.

தேத்தண்ணியைக் குடித்து முடிக்க எனக்குக் கனநேரம் எடுத்தது.

வெளிக்கிட்டபோது ஐயா பஸ் தரிப்பிடம்வரை வரட்டுமா என்று கேட்டார். வழி தெரியும் என்றேன். உண்மையாகவே தெரியும். கடை வாசலிலிருந்து எத்தனை வளைவு, எந்த இடத்தில் வாய்க்கால், எல்லாம் இப்போது காலுக்குள் இருக்கிறது.

விடுமுறை எப்போது கிடைக்கும் என்று எழுதும். வந்து இறங்கினதும் அம்மாவோடு ஆறுதலாக இரும். தொண்டைமானாற்றுக்கு வெளிக்கிடவேண்டாம்.

நான் வாறன்.

ஜெயரூபன்